பெட்டியில் ஏறிய பெயர்

அன்றைக்கு அந்தக் கடையில் இருந்தவர்கள்: கடை முதலாளியான அண்ணாச்சி, அவருடைய மேனேஜர், நாக்பூரிலிருந்து சரக்கு எடுக்க வந்திருந்த ஏஜெண்ட் ஒருவர், பூசை செய்ய வந்த ஐயர், அப்புறம் நாங்கள் மூன்று பேர். நான், ஜெபசிங், மாரியப்பன்.

இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அம்மா. அவள் அந்த நேரத்தில் நாரணாபுரத்தில், அதே அண்ணாச்சியின் பட்டாசுக் கம்பெனியில், பேக்கிங் அறையில் உட்கார்ந்து பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். வேலையாட்களைக் கடைப் பூசைக்குக் கூப்பிடும் வழக்கம் அண்ணாச்சிக்குக் கிடையாது. இன்னொருவர் மாரியப்பனின் அம்மா. அவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் அந்தப் பூசையே அவருக்காகத்தான் நடக்கிறது என்று மாரியப்பன் நம்பிக்கொண்டிருந்தான்.

அது ஓர் ஆடிப்பெருக்கு நாள். சிவகாசிப் பட்டாசுக் கடைகளில் அன்றைக்குத்தான் பூசை போட்டுப் புதுச் சரக்கை இறக்குவார்கள். தீபாவளி ஆர்டர் அன்றைக்குத்தான் தொடங்கும். கடை முழுக்கச் சாம்பிராணி வாசனை. அதற்குக் கீழே புது அட்டையின் வாசனை, காயாத அச்சு மையின் வாசனை. எனக்கு இன்றைக்கும் புகழ் என்றால் அந்த மை வாசனைதான் மூக்கில் ஏறும். கூடவே தும்மலும் வரும்.

அண்ணாச்சி மஞ்சள் துணியை விலக்கினார். கீழே ஒரு பெட்டி. பன்னிரண்டு முறை மேலே போய் வெடிக்கும் வாணம். பெட்டியின் மேல் எங்கள் மூன்று பேரின் படம். என்னை ரோஸ் நிறத்துக்கு வெளுத்திருந்தார்கள். ஜெபசிங்கின் நான்கு கம்பி பேஸ் கிட்டாரில் இரண்டு கம்பிகளைக் கூடுதலாக வரைந்து சேர்த்திருந்தார்கள். மாரியப்பனின் தலைக்குப் பின்னால் தீ. அதற்கும் மேலே, மஞ்சளும் சிவப்புமாக, எங்கள் ராக் குழுவின் பெயர்: கருந்திரி.

"பேரை கவர்மெண்டுல ரிஜிஸ்தர் பண்ணியாச்சு தம்பிகளா. இனிமே இந்தப் பேர ஒரு பய தொட முடியாது" என்றார் அண்ணாச்சி.

நாங்கள் கை தட்டினோம். அவர் சொன்ன அந்த ஒரு பயலில் நாங்களும் அடக்கம் என்று எங்கள் மூன்று பட்டதாரி மூளைகளில் ஒன்றுக்குக்கூட உறைக்கவில்லை.

பெயர் வந்த வழி

போன வாரம் இந்தத் தொடரில் என் முதல் கிட்டாரைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ராக் பாட்டுப் பாடுகிறவன் எதற்குக் கருந்திரி என்று பெயர் வைக்கிறான், நல்லதாக ஒரு இங்கிலீஷ் பெயர் கிடைக்கவில்லையா என்று. கிடைத்தது. எங்கள் கல்லூரியில் இருந்த மற்ற எல்லாக் குழுக்களும் அவற்றை எடுத்துக்கொண்டுவிட்டன.

கருந்திரி என்பது வெடிக்குள் போகும் திரி. நூலில் மருந்துக் கூழைப் பூசி, முறுக்கி, வெயிலில் காயப்போட்டுச் செய்வது. வீட்டில் வைத்துச் செய்வது குற்றம். ஆனால் பல வீடுகளில் அதுதான் சோறு. மாரியப்பனின் அம்மா அதைத்தான் செய்தார். நாங்கள் அவரை அத்தை என்போம். பள்ளிக்கூடம் விட்டுப் போனால் அத்தை எங்களுக்குச் சோறு போடுவார். ஆனால் தட்டைக் கையால் தொடமாட்டார், முழங்கையால் தள்ளுவார். எவ்வளவு தேய்த்தாலும் விரல்களின் கருப்பு போகாது.

"கை அழுக்குன்னு நெனைக்காதீகய்யா. இது அழுக்கில்ல, நெறம்" என்பார்.

ஒரு சித்திரை மதியம் மாடியில் காய்ந்துகொண்டிருந்த திரி பற்றிக்கொண்டது. அத்தை அதன் பக்கத்தில் இருந்தார். கம்பெனியில் நடந்தால் அது விபத்து. மந்திரி வருவார், காசோலை வரும், பத்திரிகையில் படம் வரும். வீட்டு மாடியில் நடந்தால் அது எதிலும் சேராது. போலீஸ் வந்து, மிச்சமிருந்த திரியைக் கைப்பற்றிக்கொண்டு போனது. அவ்வளவுதான்.

அதற்குப் பின் வந்த வருடத்தில்தான் எங்கள் குழுவுக்குப் பெயர் வைத்தோம். வேறு பெயர் எதுவும் பேசப்படவில்லை.

சத்தம் விற்கும் ஊரில்

நாடு முழுவதற்கும் சத்தம் செய்து அனுப்பும் ஊர் இது. இங்கே சத்தம் போட இடம் கிடைக்காது. எங்கள் ஆட்கள் மருந்து உரசிப் பற்றிவிடும் என்று பட்டாசு ஷெட்டுக்குள் செருப்பில்லாமல் நடப்பவர்கள், ஒரு தகர மூடி கீழே விழுந்தால் உயிரைக் கையில் பிடித்துக்கொள்பவர்கள். அவர்களிடம் போய் டிரம் வாசிக்க இடம் கேட்டோம்.

கடைசியில் ஜெபசிங்கின் அப்பா, ஒரு மிஷன் பள்ளியின் கணக்கு வாத்தியார், அச்சங்குளம் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு பழைய குடோனைப் பேசிக் கேட்டு வாங்கிக் கொடுத்தார். மாரியப்பன் டிரம்மைப் பூட்டி, காலால் ஒரு மிதி மிதித்தான். பெரிய டிரம் ஒருமுறை அதிர்ந்தது.

பாட்டு ஆரம்பிக்கவில்லை. வெளியே ஓடி வரும் காலடிச் சத்தம். கதவைத் திறந்தால் பாதி ஊர் நிற்கிறது. யாரும் எங்களைப் பார்க்கவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்தப் பக்கம்லே புகை?"

"புகையெல்லாம் இல்லண்ணே. இது டிரம்மு. பாட்டு."

ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாட்டா? பாட்டுக்கு எதுக்குலே இம்புட்டுக் கோவம்?"

என் இசையைப் பற்றி இன்றுவரை வந்த விமர்சனங்களில் சரியானது அது ஒன்றுதான். சென்னையில் இதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் இரண்டு பக்கம் எழுதியும் அங்கே வந்து சேரவில்லை.

பறை எங்கே தம்பி?

கல்லூரிக் கலைவிழாக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு வருடத்தில் நாங்கள் ஏறாத பொறியியல் கல்லூரி மேடை இந்தப் பக்கத்தில் கிடையாது. எல்லா இடத்திலும் ஒரே கருப்புச் சட்டைகள். கோவில்பட்டியைத் தாண்டியிராத பையன்கள், பார்த்தே இராத பனியைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டு இங்கிலீஷில் அழுவார்கள். முதல் பரிசு அவர்களுக்கு.

எங்களுக்கு அறிவுரை. நடுவர் மைக்கைப் பிடித்து, பாசத்தோடு தலையைச் சாய்ப்பார். "விருதுநகர் மாவட்டத்துல இருந்து வந்திருக்கீங்க. உங்க மண்ணோட சத்தம் வேணும் தம்பி. பறை எங்க? உருமி எங்க?"

சென்னைக்காரன் கிட்டார் எடுத்தால் அது கலை. நாங்கள் எடுத்தால் எதையோ மறந்துவிட்டு வந்த மாதிரி. மாரியப்பன் ஒருமுறை மேடையிலேயே பதில் சொல்லிவிட்டான்.

"எங்க மண்ணோட சத்தம் உங்களுக்கு வேண்டாம் சார். தாங்க மாட்டீக."

அந்தப் பதிலுக்குக் கைதட்டல் விழுந்தது. எங்கள் பாட்டுக்கு விழுந்ததைவிட அதிகம். இருந்தாலும் நாங்கள் இணையத்தில் ஏற்றியிருந்த பாட்டுகளைக் கொஞ்சம் பேர் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். மூன்று வருடங்கள், ஒரே பெயர், மெதுவாக ஏறிய எண்ணிக்கை. எங்களிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான்.

இரண்டில் ஒன்று

அண்ணாச்சியின் மகன் எங்கள் கல்லூரி. அவன் மூலமாக ஒரு நாள் கடைக்குக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி எங்களை உட்கார வைத்து, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, நேராகவே பேசினார். அவரிடம் அது ஒரு குணம். எதையும் ஒளித்துச் செய்யமாட்டார்.

"தம்பி, ரெண்டுல ஒண்ணு. நீங்க சென்னையில போயி பாட்டு ரெக்கார்டிங் பண்ணுங்க, செலவு நம்முது, வீடியோவுல நம்ம கம்பெனி பேரப் போடுங்க. இல்லேன்னா நம்ம புதுச் சரக்குப் பெட்டியில உங்க பேரையும் படத்தையும் நான் போடுறேன். எது வேணும்?"

உலகத்தில் வேறு எந்த ஊரில் இருக்கும் எந்த ராக் குழுவும் முதலாவதைத்தான் எடுத்திருக்கும். அதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை.

நாங்கள் சிவகாசிக்காரர்கள். இங்கே பிறந்த பிள்ளைக்குப் பெட்டி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. நடிகர்கள், சாமிகள், தலைவர்கள், சிங்கம், மயில் எல்லாம் அதில்தான் வரும். பெட்டியில் வந்தவன் காஷ்மீர் வரைக்கும் போவான். எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் ரெக்கார்டிங் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் மாரியப்பன் சொல்லிவிட்டான். "பெட்டி."

வெளியே வந்ததும் ஜெபசிங் கத்தினான். "கிறுக்காலே உனக்கு? ரெக்கார்டிங்லே! ஸ்டூடியோலே!"

மாரியப்பன் சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னான். "எங்கம்மா ஆயுசு பூரா திரி முறுக்குனா. அது எந்தெந்தப் பெட்டிக்குள்ளயோ போச்சு. ஒரு பெட்டி மேலயாவது கருந்திரின்னு எழுதிருக்கா? எழுதட்டும்லே. ஒரு தடவ எழுதட்டும்."

ஜெபசிங் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனான். நானும்தான்.

மடித்த முகம்

ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் அம்மா சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்குவாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். மற்ற பெட்டிகளில் எது மேல், எது கீழ் என்று அவளுக்கு மேஸ்திரி ஒரு தடவை காட்ட வேண்டும். இதில் வேண்டியிருக்கவில்லை.

"இன்னைக்கு எத்தன தடவ ஒன் மூஞ்சிய மடிச்சேன் தெரியுமாலே? மூக்குக்கிட்ட வந்து சரியா மடியுது."

"வலிக்குதும்மா."

"வலிக்கட்டும். பெத்தப்ப எனக்கு வலிக்கலயா?"

கூட வேலை பார்க்கும் பெண்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, மகன் நேரில் இவ்வளவு சிவப்பில்லையே என்று கேட்டார்களாம். மெட்ராசுக்குப் போய்ப் பாடினால் எல்லோரும் சிவந்துவிடுவார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நான் அதுவரை மெட்ராசுக்குப் போனதே இல்லை.

திரி மேல் குற்றமில்லை

தீபாவளி அன்று காலையில் எங்கள் தெருவே கூடியது. வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்கியிருந்தார்கள். மாரியப்பன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டையில் குங்குமத்தோடு வந்தான். முதல் பெட்டியை அவன்தான் நடுத்தெருவில் வைத்து, ஊதுபத்தியால் பற்ற வைத்தான்.

திரி அழகாக எரிந்தது. சரசரவென்று பொறி விட்டு, ஓரிடத்தில்கூடத் தயங்காமல், ஒரே சீராக உள்ளே போனது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.

புஸ்.

அவ்வளவுதான். கொஞ்சம் புகை. பன்னிரண்டு முறையும் அதேதான். புகை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இரண்டாவது பெட்டி, புஸ். எதிர் வீட்டுக்காரர் பெட்டி, புஸ். பெட்டியின் மேல் நான் ரோஸ் நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மாரியப்பன் குனிந்து சாம்பலைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "திரி மேல குத்தமில்லலே. திரி நல்லா எரிஞ்சுச்சு."

அன்று மதியம் இலையில் உட்கார்ந்திருந்தபோது அம்மா மெதுவாகச் சொன்னாள். "அது போன வருசம் மழையில நனைஞ்சு, விக்காம கெடந்த சரக்குலே. பழைய பெட்டியப் பிரிச்சு, நாங்கதான் புதுப் பெட்டியில மாத்துனோம்."

"ஏம்மா, ரெண்டு மாசமா ஒரு வார்த்த சொன்னியா?"

அம்மா குழம்பை ஊற்றினாள். "பெட்டியில நீ நல்லா இருந்த. அதப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

நனைந்த சரக்கைத் தள்ளிவிட அண்ணாச்சிக்கு ஒரு புது முகம் வேண்டியிருந்தது. கொடுத்தோம். மூன்று முகம் கொடுத்தோம்.

அதன் பிறகு நாங்கள் ஏறிய மேடை ஒன்றில்கூட எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இல்லை. மதுரையில் ஒரு கல்லூரியில் நான் கிட்டாரை மாட்டிக்கொண்டு மைக்கின் முன்னால் வந்து நின்றேன். பின்வரிசையிலிருந்து ஒருவன் "ஏலே, புஸ்ஸு!" என்றான். முதல் பாட்டின் முடிவில் அரங்கம் முழுக்க ஒரே குரலில் "புஸ்" என்றது. தாளம் தப்பவில்லை, அதைச் சொல்ல வேண்டும். எங்கள் ரசிகர்கள் முதன்முறையாக எங்களோடு சேர்ந்து பாடியது அன்றைக்குத்தான்.

ஒரு வார்த்தை. அண்ணாச்சியை யாரும் புஸ் என்று கூப்பிடவில்லை. அவருடைய கம்பெனி பெயர் பெட்டியின் அடியில், எறும்பு எழுத்தில் இருந்தது.

சென்னையிலிருந்து ஒரு ப்ரோ

கார்த்திகையில் சென்னையிலிருந்து போன் வந்தது. பெரிய இசைவிழா, தமிழில் பாடும் ராக் குழுக்களுக்கென்று ஒரு மேடை, மூன்று வருடங்களாக எங்கள் பாட்டுகளைக் கேட்டு வந்திருக்கிறார்களாம். பேசியவர் என்னைவிட இரண்டு வயது பெரியவராக இருக்கலாம். வாக்கியத்துக்கு இரண்டு ப்ரோ.

"உங்க கதை செம ப்ரோ. பட்டாசுத் தொழிலாளி பசங்க, ராக் மியூசிக். அதுவும் உங்க டிரம்மரோட அம்மா விஷயம் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துருச்சு ப்ரோ. பாட்டுக்கு முன்னாடி அவர் ஒரு ரெண்டு நிமிஷம் அதச் சொன்னா, லைட்டக் குறைச்சிரலாம்."

மாரியப்பனிடம் சொன்னேன். அவன் குச்சியால் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டான். "டிரம் வாசிக்கிறவன் என்னைக்கிலே மேடையில பேசிருக்கான்?"

பேசமாட்டான் என்று போனில் சொன்னேன். சென்னைக்குரலில் துக்கம் தெரிந்தது. அத்தை இறந்ததற்கான துக்கம் இல்லை.

மறுநாள் இன்னொரு போன். அவர்களுடைய சட்டப் பிரிவு எங்கள் பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறது. பதிவு செய்யப்பட்ட ஒரு பட்டாசின் பெயர் அது. விழாவுக்குப் பணம் போடுகிற பானக் கம்பெனி, இன்னொரு கம்பெனியின் சரக்குப் பெயரைத் தன் மேடையில் எழுதவிடாது. பட்டாசு முதலாளியிடம் ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம் வேண்டும், இல்லாவிட்டால் வேறு பெயரில் பாடலாம்.

"பேர்ல என்ன ப்ரோ இருக்கு? சிம்பிளா ஏதாவது வைங்க."

சாத்தூரில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் நன்றாக விளக்கினார். வெடிக்கு ஒரு வகை, பாட்டுக்கு ஒரு வகை. அண்ணாச்சி வாங்கியது வெடிக்கு மட்டும்தான். பாட்டுக்கு அந்தப் பெயர் உங்களுடையதே. கோர்ட்டில் நிச்சயம் ஜெயிக்கலாம். எப்போது என்று கேட்டோம். உங்களுக்குச் சின்ன வயதுதானே என்றார்.

அன்று சாயங்காலம் ஜெபசிங் மெல்ல ஆரம்பித்தான். "மாரி, கோவிச்சுக்கிடாத. வேற பேர்ல ஒரு தடவ பாடிட்டு வந்துருவோமா?"

மாரியப்பன் கோபப்படவில்லை. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. வேற பேர்ன்னா அதுக்கு வேற ஆளு வாசிக்கட்டும்" என்றான்.

அது மிரட்டல் இல்லை. அவன் மிரட்டத் தெரியாதவன். அதனால்தான் பயமாக இருந்தது.

மறுபடியும் அந்தக் கடை

ஆடிப்பெருக்கன்று நின்ற அதே இடத்தில் நின்றோம். இந்த முறை சாம்பிராணியும் இல்லை, கலரும் இல்லை. சீசன் முடிந்த கடை. மூலையில் அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் என் ரோஸ் முகம். நாக்பூர் ஏஜெண்ட் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

அண்ணாச்சி முழுதும் கேட்டார். கோபப்படவே இல்லை.

"தாராளமா எழுதித் தாரேன் தம்பி. உங்க பேரு, நீங்க வச்சுக்கிடுங்க. நான் என்ன பாட்டா பாடப் போறேன்? ஆனா ஒரு நாயம் சொல்லுங்க. பேரு உங்களுதுன்னா, அந்தப் பேருல கெடக்குற சரக்கு யாருது?"

நாங்கள் மூலையைப் பார்த்தோம்.

"அண்ணாச்சி, அது வெடிக்காத சரக்கு" என்றேன்.

"வெடிக்கலன்னா அது உங்க ராசி. நான் எத்தனையோ பேர் படத்த பெட்டியில போட்டிருக்கேன். யாருக்கும் இப்படி ஆனதில்ல."

மேனேஜர் தலையாட்டினார். "முதலாளி சொல்றதும் நாயந்தான தம்பி? போக வர லாரி வாடக வேற அவுக கையில இருந்து போயிருக்கு."

"போன வருசத்து நனைஞ்ச சரக்கத்தான் அண்ணாச்சி நீங்க..." என்று நான் ஆரம்பித்தேன்.

அண்ணாச்சி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அவ்வளவு இதமான புன்னகையை நான் அவரிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. "தம்பி, ஒங்கம்மா நம்ம பேக்கிங்லதான இருக்காக? நல்ல கை. அவுகளா இதச் சொன்னாக?"

நான் படித்த பதினாறு வருடப் படிப்பும் அந்த இடத்தில் என்னை விட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டது. "இல்ல அண்ணாச்சி. நானாத்தான் சொன்னேன்" என்றேன்.

 மாரியப்பன் மூலைக்குப் போய் ஒரு பெட்டியை எடுத்து, மேலே இருந்த பெயரைக் கட்டை விரலால் ஒருமுறை தடவினான். "எல்லாத்தையும் நாங்களே எடுத்துக்கிடுறோம் அண்ணாச்சி. கடிதத்த மட்டும் இன்னைக்கே குடுத்துருங்க."

"அதான் ஆம்பளப் பிள்ள" என்றார் அண்ணாச்சி. மேனேஜர் அப்போதே பில் போட ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பில்லைக் கட்ட மாரியப்பன் விற்ற டிரம் செட்டை வாங்கிக்கொண்டது சாத்தூரில் ஒரு சர்ச். ஜெபசிங்தான் பேசி முடித்தான். இப்போது ஞாயிறுதோறும் அது ஆண்டவரைத் துதித்துக்கொண்டிருக்கிறது. எங்களிடம் இருந்ததைவிட மரியாதையான வேலை. அது போதாமல் என் ஆம்ப்ளிஃபயரும் போனது.

சென்னையில் எங்களுக்குக் கிடைத்தது மதியம் மூன்று மணி வெயில். ஜனங்கள் பிரியாணி வரிசையில் நின்றார்கள். மாரியப்பன் யாருடைய டிரம்மையோ வாசித்தான். லைட்டைக் குறைக்க முடியவில்லை, சூரியன் விழாக் குழுவில் இல்லை. ஆனால் பின்னாலிருந்த பெரிய திரையில் கருந்திரி என்று இருந்தது. நான்கு பாட்டு முடியும் வரை இருந்தது. மாரியப்பன் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் திரும்பி அதைப் பார்த்துக்கொண்டான்.

கண்மாயில்

அவ்வளவு பட்டாசை லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைக்க முடியாது. அதனால் சென்னைக்குப் புறப்படுவதற்கு முன்பே, அந்தச் சரக்கை லோடு ஆட்டோவில் ஏற்றி, ஊருக்கு வெளியே வறண்டு கிடந்த கண்மாய்க்குக் கொண்டுபோனோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அம்மாவும் வந்திருந்தாள். வேன் வந்து இறங்கிய கையோடு, கம்பெனிச் சேலையிலேயே.

ஒவ்வொன்றாக வைத்து மாரியப்பன் பற்றவைத்தான். புஸ். புஸ். நானும் ஜெபசிங்கும் பழக்கத்தில் அண்ணாந்து பார்த்து, பிறகு பார்ப்பதை விட்டுவிட்டோம். மாரியப்பன் அண்ணாந்து பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் குத்தவைத்து, திரி எரிந்து உள்ளே போவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தள்ளி நில்லுய்யா, ஏதாவது ஒண்ணு வெடிச்சுத் தொலையப் போவுது" என்றாள் அம்மா.

"வெடிக்காது அத்த." அவன் அடுத்ததைப் பற்றவைத்தான். "ஆனா பாத்தீகளா, ஒரு திரிகூட நடுவுல அணையல. யாரு முறுக்குனதோ."

 காலிப் பெட்டிகளை எரிக்கக் குவித்து வைத்திருந்தோம். அம்மா அதில் நசுங்காத ஒன்றைத் தேடி எடுத்து, மேலே அச்சடித்த என் முகத்திலிருந்த மண்ணை முந்தானையால் துடைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டாள். அது இப்போது எங்கள் அடுப்படியில் இருக்கிறது. வரமிளகாய் போட்டு வைத்திருக்கிறாள்.

என் இசைவாழ்வில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து காசு கொடுத்து வாங்கிய ஒரே பொருள் எங்கள் சொந்தப் பெயர். வெடிக்காத வாணம், நாக்பூர் போய்த் திரும்பிய லாரி வாடகை, ஆட்சேபம் இல்லை என்று அண்ணாச்சி போட்ட கையெழுத்து எல்லாம் சேர்த்து, சீசன் முடிந்த தள்ளுபடி போக, நாற்பத்தாறாயிரத்து எண்ணூறு ரூபாய். வரி உட்பட.